கணினியில் படகு வரைதல்: உடலும் கீலும் வடிவம் பெறும் முறை

படகு வடிவமைப்பைக் கணினியில் கற்க வருபவர்களில் பெரும்பாலோர் மென்பொருளைத் திறந்ததும் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். சிறிது நேரத்திலேயே திரையில் வழவழப்பான ஓர் உடல் தோன்றிவிடும். அதைச் சுழற்றிப் பார்க்கலாம், நிறம் பூசலாம், நண்பர்களுக்கு அனுப்பிப் பாராட்டும் பெறலாம். ஆனால் அது எவ்வளவு ஆழத்தில் மிதக்கும், எந்தப் பக்கம் தலை தாழ்த்தும், காற்று சாய்த்தால் திரும்ப நிமிருமா என்ற கேள்விகளுக்கு அந்தப் படத்தில் விடை இருக்காது. மென்பொருளுக்குப் பரப்புகளை வரையத் தெரியும். நீரைப் பற்றி நாம் சொல்லிக் கொடுத்ததற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே இந்தக் கட்டுரை வரைவதிலிருந்து தொடங்காமல் எடையிலிருந்து தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக, கடலோரப் பயணத்துக்கு ஏற்ற 10 மீட்டர் நீளப் பாய்மரப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் கடற்கரை ஓடாவிகள் (படகு கட்டும் தச்சர்கள்) ‘ஏரா’ என்று சொல்லும் அடிமரம் படகின் முதுகெலும்பாக அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை ஓடுவது. உடலைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான வங்குகள் அதன்மேல்தான் ஏறி நிற்கும். இக்காலப் பாய்மரப் படகுகளில் கீல் எனப்படுவதோ உடலுக்குக் கீழே நடுவில் மீனின் துடுப்பு போலத் தொங்கும் கனத்த பகுதி. கட்டுமானத்தின் முதுகெலும்பு என்பதைவிடக் காற்றுக்கு எதிராகப் படகைப் பிடித்து நிறுத்துவதும் சாய்ந்த படகை நிமிர்த்துவதும்தான் அதன் பணி. இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ இவ்வகைப் படகு. அதில்தான் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதத்தில் திரும்பினார்கள்.

எடைப் பட்டியல்

மிதக்கும் எந்தப் பொருளும் தன் நிறைக்குச் சமமான நிறையுள்ள நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடிஸ் விதி. அப்படியானால் நீர்க்கோட்டுக்குக் கீழே உடல் எவ்வளவு கன அளவு கொண்டிருக்க வேண்டும் என்பதைப் படகின் மொத்த நிறைதான் முடிவு செய்கிறது. வடிவமைப்பாளருக்கு அதில் விருப்பம் என்று ஒன்றும் இல்லை. நம் 10 மீட்டர் படகுக்கு ஒரு தோராயக் கணக்கு போடுவோம்: உடலும் மேல்தளமும் 1,400 கிலோ, கீல் 1,600, பாய்மரமும் பாய்களும் கயிறுகளும் 300, இயந்திரமும் மின்கலங்களும் எரிபொருளும் 350, உள்ளறைத் தட்டுகளும் படுக்கைகளும் 350, ஆட்களும் குடிநீரும் உணவும் 500. மொத்தம் 4,500 கிலோ. கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,025 கிலோ என்பதால், நீருக்குள் இருக்க வேண்டிய கன அளவு 4.39 கன மீட்டர். அதில் கீலும் சுக்கானும் சேர்ந்து சுமார் 0.18 கன மீட்டரை எடுத்துக்கொள்ளும், மீதி 4.21 கன மீட்டரை உடல் தர வேண்டும்.

பட்டியலில் நிறை மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு பொருளுக்கும் அது அணியத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் எழுதி, நிறையோடு பெருக்கிக் கூட்டி, மொத்த நிறையால் வகுத்தால் படகின் ஈர்ப்பு மையம் கிடைக்கும். எக்செல் தாளில் செய்யும் சலிப்பான வேலைதான் இது; முப்பரிமாண மென்பொருளில் செலவிடும் நேரத்தைக் காட்டிலும் இந்தத் தாளில் செலவிடும் நேரம் படகுக்கு அதிக நன்மை செய்யும் என்பது என் கருத்து.

ஈய எடையும் மரப்பட்டியும்

கணினி வருவதற்கு முன் படகின் கோடுகளை வரைந்தது ஸ்ப்லைன் எனப்பட்ட நீண்ட, மெல்லிய, வளையும் பட்டியால்தான். காகிதத்தின்மேல் அந்தப் பட்டியை வைத்து, கொக்கி மூக்குள்ள ஈய எடைகளால் அங்கங்கே பிடித்து நிறுத்துவார்கள். அவற்றின் தோற்றத்தால் ஆங்கிலேய வரைவாளர்கள் அவற்றை வாத்துகள் என்றே அழைத்தார்கள். இரண்டு எடைகளுக்கு நடுவே பட்டி தன் இயல்புப்படி, முடிந்தவரை குறைந்த திரிபோடு வளையும். அதில் பென்சிலை ஓட்டினால் எங்கும் மேடும் பள்ளமும் இல்லாத கோடு கிடைக்கும். ஒன்றுக்குப் பத்து என்ற அளவில் வரைந்த காகிதத்தில் பென்சில் கோட்டின் தடிப்பு அரை மில்லிமீட்டர் என்றால், உண்மைப் படகில் அது 5 மில்லிமீட்டர் பிழை. ஆகவே பட்டறையின் பெரிய மரத்தளத்தில் முழு அளவில் இதே கோடுகளை இன்னொரு முறை வரைந்து திருத்திய பிறகே வங்குகளை வெட்டுவார்கள்.

சிறு வளைவுகளுக்குள் நின்றால், அந்தப் பட்டி இரண்டு எடைகளுக்கு நடுவே எடுக்கும் வடிவத்தைக் கணிதத்தில் மூன்றாம் படிச் சமன்பாடு ஒன்றால் எழுதிவிடலாம். இன்றைய மென்பொருள்களின் வளைகோட்டுக் கணிதத்துக்கும் ஸ்ப்லைன் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 1959-இல் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பால் டி காஸ்டல்ஜோவும், 1960-களில் ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேவும் கார் உடல்களின் வளைவுகளைக் கணினிக்குச் சொல்லும் முறைகளை உருவாக்கினார்கள். பின்னர் விரிவடைந்த அதே வழியின் பொதுவான வடிவம்தான் இன்று நர்ப்ஸ் என்று அழைக்கப்படுகிறது. ரைனோ, மேக்ஸ்சர்ஃப் போன்ற மென்பொருள்களில் படகின் உடல் ஒரு நர்ப்ஸ் பரப்பு. டெல்ஃப்ட்ஷிப், ஃப்ரீஷிப் ஆகியவை சற்று வேறான உட்பிரிவுப் பரப்பு முறையைப் பின்பற்றுகின்றன. கற்பவருக்குப் பயன்பாட்டில் பெரிய வேறுபாடு தெரியாது, ஏனெனில் இரண்டிலும் நாம் பிடித்து நகர்த்துவது கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத்தான்.

இந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளில்தான் புதியவர் முதலில் தடுமாறுகிறார். அவை பரப்பின்மேல் இருப்பதில்லை. மூலைகளில் உள்ளவை தவிர மற்றவை பொதுவாகப் பரப்புக்கு வெளியே நின்று அதைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. பரப்பு அவற்றை நோக்கிச் செல்லுமே தவிர அவற்றைத் தொடாது. இதைக் கண்ணால் காண ஒரு நல்ல பயிற்சி உண்டு. கப்பல் நீரியல் ஆய்வாளர்கள் தங்கள் கணக்குகளைச் சரிபார்க்க நெடுங்காலமாகப் பயன்படுத்தும் விக்லி உடல் என்ற வடிவம் இருக்கிறது. அதன் நீர்க்கோடுகளும் (உடலைக் கிடைமட்டமாக வெட்டினால் கிடைக்கும் கோடுகள்) குறுக்குவெட்டுகளும் எளிய பரவளையங்களே. நீளம் 10 மீட்டர், அகலம் 1 மீட்டர், ஆழம் 0.625 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் படிப் பரப்பு ஒன்றை மூன்றுக்கு மூன்று என ஒன்பது புள்ளிகளோடு அமையுங்கள். நீளவாக்கில் புள்ளிகள் 0, 5, 10 மீட்டரிலும், உயரவாக்கில் 0, −0.3125, −0.625 மீட்டரிலும் இருக்கட்டும். அணியத்திலும் அமரத்திலும் உள்ள ஆறு புள்ளிகளும் நடுத்தளத்திலேயே, அதாவது பக்கவாட்டு அளவு சுழியாக இருக்கட்டும். நடு நிரலின் அடிப்புள்ளியும் அப்படியே. மீதமிருக்கும் இரண்டு புள்ளிகளை மட்டும் பக்கவாட்டில் 1 மீட்டர் வெளியே இழுங்கள்.

கிடைப்பது தோராயமான விக்லி உடல் அல்ல. துல்லியமான விக்லி உடல். புள்ளியை 1 மீட்டர் வெளியே இழுத்தும் நீர்க்கோட்டில் உடலின் அரை அகலம் 0.5 மீட்டர்தான் இருக்கும் என்பதைத் திரையிலேயே அளந்து பார்க்கலாம். இரண்டே புள்ளிகளை அசைத்து ஒரு முழு உடல் பிறந்துவிடுகிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பகுதிக்கு அது தேவைப்படும். படகு இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் பாதியை மட்டும் வரைந்து மறுபாதியைப் பிரதிபலிப்பாக எடுப்பதே வழக்கம் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

கோடு சீராக ஓடுகிறதா?

உண்மையான படகுக்கு ஒன்பது புள்ளிகள் போதா. மூன்றாம் படிப் பரப்பில் நீளவாக்கில் ஏழு நிரல், உயரவாக்கில் ஐந்து வரிசை என்று 35 புள்ளிகள் வைத்தால் நம் 10 மீட்டர் படகின் அரை உடலை நன்றாகவே வடித்துவிடலாம். புதியவர் ஓரிடத்தில் வடிவம் பிடிக்காமல் போனால் அங்கே இன்னொரு நிரலைச் சேர்ப்பார்; பிறகு அதன் அருகில் மேடு தட்டும், அதைச் சரிசெய்ய மற்றொன்றைச் சேர்ப்பார். மூன்றாம் படி வளைகோட்டில் ஒரு புள்ளியின் செல்வாக்கு அதிகபட்சம் நான்கு துண்டுகளோடு முடிந்துவிடும். புள்ளிகள் பெருகப் பெருகத் துண்டுகள் சிறுக்கும். ஒவ்வொரு புள்ளியும் தன் சிறிய பகுதியைத் தனியே இழுக்கும். உடல் முழுதும் ஒரே ஓட்டமாக வராமல் ஒட்டுப்போட்டதாகத் தெரியும். பழைய வரைவாளர் பட்டியின்மேல் எடைகளைக் குறைவாக வைத்ததற்கும் காரணம் இதுதான். ஆகவே ஓரிடம் சரியில்லை என்றால் புள்ளியைச் சேர்ப்பதற்கு முன், இருக்கும் புள்ளிகளில் ஒன்றை எடுத்துவிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கண்ணுக்குச் சீராகத் தெரியும் கோடு உண்மையில் சீரானதா என்று அறிய மென்பொருளில் வளைவுச் சீப்பு என்ற கருவி இருக்கிறது. வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் செங்குத்தாக ஒரு சிறு கோட்டை அது நீட்டும். அங்கே வளைவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நீளம். அந்தக் கோடுகளின் நுனிகளை இணைத்தால் கிடைக்கும் ஓரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் கோடு நன்றாக ஓடுகிறது என்று பொருள். ஓரம் குதித்தால், அல்லது சீப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாண்டிவிட்டுத் திரும்பவும் பழைய பக்கத்துக்கே வந்தால், அங்கே பள்ளம் இருக்கிறது. திரையில் அரை மில்லிமீட்டர்கூடத் தெரியாத அந்தப் பள்ளம், படகு செய்து முடித்துப் பளபளக்கும் வண்ணம் பூசி வெயிலில் நிறுத்தியவுடன் எல்லோர் கண்ணிலும் படும். நீர்க்கோடுகள், குறுக்குவெட்டுகள், நெடுக்குவெட்டுகள் மூன்றிலும் சீப்பைப் பார்த்துவிட்டு, மூலைவிட்டமாகச் சாய்த்து வெட்டிய கோடுகளிலும் பார்க்க வேண்டும். சாய்ந்து ஓடும் படகின்மேல் நீர் பெரும்பாலும் அந்தச் சாய்ந்த கோடுகளை ஒட்டித்தான் செல்கிறது.

அடிப்பகுதியில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. நடுத்தளத்தில் இடது பாதியும் வலது பாதியும் சேருமிடத்தில் கூரிய முகடு வேண்டாம், உருண்ட அடிதான் வேண்டும் என்றால், நடுத்தளத்தில் உள்ள கடைசி வரிசைப் புள்ளிகளும் அதற்கு மேல்வரிசையில் உள்ள இணைப் புள்ளிகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் பரப்பு நடுத்தளத்தைக் கிடைமட்டமாகச் சந்திக்கும். இதை விட்டுவிட்டால் பிரதிபலித்த பின் அடியில் மெல்லிய வரம்பு ஒன்று அணியம் முதல் அமரம் வரை ஓடும். புதியவர்களின் கோப்புகளில் மிகுதியாகக் காணப்படும் குறை இது.

ஒட்டுப்பலகையிலோ அலுமினியத் தகட்டிலோ படகு கட்டுவதானால் நிலைமை வேறு. தட்டையான தகட்டை ஒரு திசையில் மட்டுமே எளிதாக வளைக்க முடியும். இரண்டு திசையிலும் வளைத்தால் அது நீண்டு சுருங்கியாக வேண்டும். ஆகவே அந்தப் பரப்பின் காசியன் வளைவு (இரு முதன்மைத் திசை வளைவுகளின் பெருக்கல்) எங்கும் சுழியாக இருக்கிறதா என்று மென்பொருளில் பார்த்து, சுழியாக இருந்தால் மட்டுமே தட்டையாக விரித்து வெட்டும் வடிவத்தை எடுக்க வேண்டும்.

மிதக்கவைத்துப் பார்ப்பது

உடல் சீராகிவிட்டால் அதை நீர்க்கோட்டில் வெட்டி, கீழ்ப்பகுதியின் கன அளவைக் கேட்கலாம். முதலில் விக்லி உடலில் இதைச் சோதித்துப் பாருங்கள். அதன் கன அளவு, நீளம் அகலம் ஆழம் மூன்றின் பெருக்கலில் சரியாக ஒன்பதில் நான்கு பங்கு. நம் அளவுகளுக்கு 2.78 கன மீட்டர். மென்பொருள் 1.39 என்று காட்டினால் பாதி உடலுக்கு மட்டும் கணக்கிட்டிருக்கிறது. நூறு கோடி மடங்கு வேறுபட்டால் மில்லிமீட்டரும் மீட்டரும் குழம்பியிருக்கின்றன. விடை தெரிந்த வடிவத்தில் இப்படி ஒருமுறை சரிபார்க்காமல் விடை தெரியாத வடிவத்தின் எண்களை நம்பக் கூடாது.

நம் படகுக்கு நீர்க்கோட்டு நீளம் 9 மீட்டர், நீர்க்கோட்டு அகலம் 2.7 மீட்டர், உடலின் ஆழம் 0.45 மீட்டர் என்று கொண்டால் மூன்றின் பெருக்கல் 10.94. பாய்மரப் படகின் உடல் இந்தப் பெட்டியில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே நிரப்பும், 0.385 என்று வைத்தால் 4.21 கன மீட்டர் வருகிறது, எடைப் பட்டியல் கேட்டதும் அதுவே. நீர்க்கோட்டுத் தளத்தின் பரப்பு சுமார் 16.3 சதுர மீட்டர் என்பதால், ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ ஏறத்தாழ 167 கிலோ வேண்டும். எடைப் பட்டியலில் 500 கிலோ விட்டுப்போனால் படகு 3 சென்டிமீட்டர் தாழ்ந்து மிதக்கும். அது சிறியதாகத் தோன்றலாம்; ஆனால் அந்த 500 கிலோ அமரத்தின் பக்கம் குவிந்திருந்தால் தாழ்வு முழுவதும் பின்னால் சேரும். மிதப்பு மையமும் (நீருக்குள் உள்ள கன அளவின் மையம்) ஈர்ப்பு மையமும் ஒரே செங்குத்துக் கோட்டில் வரும்வரை படகு சாய்ந்துகொண்டே இருக்கும் என்பதால், இரண்டின் நீளவாக்கு இடங்களும் திரையிலேயே ஒத்துப்போக வேண்டும்.

பக்கவாட்டு உறுதிக்கு மெட்டாசென்டரின் உயரம் முக்கியம்; படகு சிறிது சாய்ந்தால் மிதப்பு விசையின் கோடு படகின் நடுக்கோட்டைச் சந்திக்கும் புள்ளி அது. மிதப்பு மையத்துக்கு மேல் அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது, நீர்க்கோட்டுத் தளத்தின் நிலைமத் திருப்புத்திறனை (தளம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதன் அளவு) கன அளவால் வகுத்தால் கிடைக்கும். அந்தத் திருப்புத்திறன் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். நம் படகில் அது சுமார் 7.1, வகுத்தால் உயரம் 1.6 மீட்டர். கன அளவை மாற்றாமல் அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் இது 33 சதவீதம் உயர்ந்து 2.1 மீட்டரைத் தாண்டிவிடும். இவ்வளவு மலிவாக உறுதி கிடைக்கிறதே என்று அகலத்தைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. அகலமான, கனமில்லாத உடல் தலைகீழாகக் கவிழ்ந்தால் அந்த நிலையிலும் உறுதியாகவே நிற்கும். 1979 ஆகஸ்டில் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தைத் தாக்கிய புயலில் பந்தயப் படகுகளிலிருந்த 15 பேர் இறந்த பிறகு, சிறு சாய்வில் உள்ள உறுதியை மட்டும் பார்க்காமல் 180 டிகிரி வரை நிமிர்வு வளைகோட்டை (ஒவ்வொரு சாய்விலும் படகு எவ்வளவு வலுவாக நிமிர முயலும் என்பதைக் காட்டும் கோடு) கணக்கிட்டுப் பார்க்கும் வழக்கம் வலுப்பெற்றது. இன்றைய மென்பொருளில் அது ஒரு பொத்தான். ஆனால் ஈர்ப்பு மையத்தின் உயரத்தை நாம்தான் தர வேண்டும், அது அந்த எக்செல் தாளிலிருந்துதான் வர வேண்டும்.

வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஓடும் படகு எழுப்பும் அலையின் நீளம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது, 7.3 நாட் (மணிக்குச் சுமார் 13.5 கிலோமீட்டர்) வேகத்தில் அது 9 மீட்டராகி, நம் படகின் நீர்க்கோட்டு நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் போக முயன்றால் படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற வேண்டியிருக்கும், தடை செங்குத்தாக உயரும். பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் இங்கிலாந்தின் டார்க்கேயில் 1870-களின் தொடக்கத்தில் அமைத்த இழுவைத் தொட்டியில் மாதிரிகளை இழுத்து இந்தத் தடையை அளக்கும் முறையை நிறுவினார். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையிலும் அத்தகைய இழுவைத் தொட்டி இருக்கிறது.

கீல்: நீருக்குள் ஓர் இறக்கை

பாய்மரப் படகு காற்றுக்கு எதிராகச் சாய்கோணத்தில் செல்லும்போது பாய்கள் அதை முன்னோக்கித் தள்ளுவதைவிடப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளுகின்றன. அந்தப் பக்க விசையை ஈடுகட்டுவது கீல். படகு தன் தலை நோக்கும் திசையிலிருந்து மூன்று முதல் ஐந்து டிகிரி வரை நழுவியபடியே செல்கிறது. அந்தச் சிறு கோணத்தில் நீர் கீலைத் தாக்குவதால் விமான இறக்கையில் எழுவதைப் போன்ற விசை பக்கவாட்டில் எழுகிறது. நம் கீல் 1.3 மீட்டர் ஆழமும், முன்னிருந்து பின்வரை சராசரி 0.9 மீட்டர் அகலமும் கொண்டது என்போம். 6 நாட் வேகத்தில், நான்கு டிகிரி நழுவலில், விசைக் கெழு (வடிவமும் கோணமும் சேர்ந்து எவ்வளவு விசை தரும் என்பதைச் சொல்லும் எண்) 0.25 என்று கொண்டால் அது தரும் பக்க விசை ஏறத்தாழ 1,430 நியூட்டன், அதாவது 145 கிலோ சுமைக்கு நிகர். வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். மெதுவாகச் செல்லும் படகு பக்கவாட்டில் அதிகம் நழுவுவதும், மிகச் சிறிய கீல் கொண்ட பந்தயப் படகு துறைமுகத்துக்குள் சொன்னபடி கேட்காமல் தொல்லை தருவதும் இதனால்தான்.

கீலின் குறுக்குவெட்டை நாம் கைபோன போக்கில் வரைய வேண்டியதில்லை. அமெரிக்க விமானவியல் ஆலோசனைக் குழுவான நாகா 1930-களில் வெளியிட்ட சமச்சீர் ஃபாயில் (இறக்கைக் குறுக்குவெட்டு) வடிவங்கள் இன்றும் பயன்படுகின்றன. நாகா 0012 என்றால் முதல் இரண்டு சுழியங்கள் வடிவம் சமச்சீர் என்பதையும், 12 என்பது அதிகபட்சத் தடிப்பு அகலத்தில் 12 சதவீதம் என்பதையும் குறிக்கும். அகலம் 900 மில்லிமீட்டர் என்றால் தடிப்பு 108 மில்லிமீட்டர். அது முன்முனையிலிருந்து 30 சதவீதத் தொலைவில், 270 மில்லிமீட்டரில் வரும். முன்மூக்கின் ஆரம் சுமார் 14 மில்லிமீட்டர். புள்ளிப் பட்டியலை மென்பொருளில் ஏற்றும்போது அகலம் முழுதும் சம இடைவெளியில் இருபது புள்ளிகள் எடுத்தால் இந்த மூக்கு தட்டையாகவோ கூராகவோ சிதைந்துவிடும். மூக்கின் அருகே புள்ளிகள் நெருக்கமாகவும் பின்னே போகப் போக அகன்றும் இருக்க வேண்டும். நழுவல் கோணம் கூடும்போது நீரோட்டம் கீலை விட்டுப் பிரிந்துவிடாமல் காப்பது அந்த மூக்கின் வட்டம்தான்.

இனி எடைக்கு வருவோம். இந்தக் குறுக்குவெட்டின் பரப்பு சுமார் 0.067 சதுர மீட்டர், 1.3 மீட்டர் ஆழத்துக்குக் கன அளவு 0.087 கன மீட்டர். முழுவதையும் ஈயத்தால் வார்த்தாலும் 980 கிலோதான் வரும். எடைப் பட்டியலில் கீலுக்கு ஒதுக்கிய 1,600 கிலோவில் ஈயம் மட்டும் 1,500 என்று வைத்தால் இன்னும் 520 கிலோ இடமில்லாமல் நிற்கிறது. அதைக் கீலின் அடிமுனையில் நீண்ட குண்டாக வார்த்துச் சேர்ப்பதே பல வடிவமைப்பாளர்கள் தேர்ந்த வழி. அந்த 520 கிலோ கீலின் நடுவுயரத்தில் இருப்பதற்குப் பதில் 65 சென்டிமீட்டர் கீழே இறங்கியதால் முழுப் படகின் ஈர்ப்பு மையமும் 7.5 சென்டிமீட்டர் தாழ்கிறது. ஈயத்துக்குப் பதில் வார்ப்பிரும்பு என்றால் செலவு குறையும். ஆனால் அதே நிறைக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கன அளவு வேண்டியிருப்பதால் கீல் தடித்து நீரின் தடை கூடும்.

கீலின் அடிமுனையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருப்பதால் நீர் அடிமுனையைச் சுற்றி வழிந்து சுழலாகப் பின்னே செல்கிறது. அந்தச் சுழலை உருவாக்கும் ஆற்றல் படகின் வேகத்திலிருந்தே போகிறது. கீலை ஆழமாக்கினால் இது குறையும், ஆனால் ஆழத்துக்கு எப்போதும் ஓர் எல்லை இருக்கும். 1983-இல் அமெரிக்கக் கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தை வென்ற ‘ஆஸ்திரேலியா II’ இந்த எல்லையைச் சுற்றிக் கடந்த விதம் பாடப் பொருளாகவே ஆகிவிட்டது. பந்தய விதி ஆழத்தைக் கட்டுப்படுத்தியதால், பென் லெக்சனின் பெயரால் அறியப்படும் அந்த வடிவமைப்பில் கீல் தலைகீழாக இருந்தது. உடலோடு சேருமிடத்தில் குறுகியும் அடியில் நீண்டும், அடிமுனையின் இருபுறமும் கீழ்நோக்கிச் சாய்ந்த சிறகுகளோடும் அமைந்தது. சிறகுகள் அடிமுனை வழிவைக் குறைத்தன, ஈயத்தையும் தாழ்வாகத் தாங்கின. நெதர்லாந்தின் வாகெனிங்கன் தொட்டியில் மாதிரிகளை இழுத்துச் சோதித்ததோடு, அந்நாட்டின் விமான ஆய்வுக்கூடத்தில் கணினியிலும் அதன் நீரோட்டம் கணக்கிடப்பட்டது. வடிவம் யாருடைய சிந்தனை என்ற சர்ச்சை இன்றும் தீரவில்லை. நியூயார்க் படகுக் கழகம் 132 ஆண்டுகளாக வைத்திருந்த கோப்பை கைமாறியது என்பதில் மட்டும் சர்ச்சையில்லை. பந்தயம் முடியும்வரை அந்தக் கீலைத் துணித் திரையால் மறைத்தே வைத்திருந்தார்கள்.

கீலை உடலோடு சேர்க்குமிடம் திரையில் ஓர் எளிய கோடாகத் தெரியும். உண்மையில் படகு முழுவதிலும் அதிகக் கவலை தர வேண்டிய இடம் அதுவே. படகு 90 டிகிரி சாய்ந்து கீல் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். 1,600 கிலோ நிறை, வேரிலிருந்து (உடலோடு சேருமிடத்திலிருந்து) சராசரியாக 0.8 மீட்டர் தொலைவில். வேரில் எழும் திருப்புத்திறன் சுமார் 12,500 நியூட்டன் மீட்டர். வேரின் தடிப்பு 108 மில்லிமீட்டர்தான் என்பதால் போல்ட்டு வரிசையிலிருந்து எதிர் ஓரம்வரை 8 சென்டிமீட்டர் கிடைத்தால் பெரிது. அப்படியானால் அந்த வரிசை தாங்க வேண்டிய இழுவிசை 16 டன் அளவுக்கு வருகிறது, அதுவும் அலை அடிக்காத அமைதியான கணக்கில். 2014 மே மாதத்தில் ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற படகு வட அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்து அதிலிருந்த நால்வரும் மறைந்தார்கள். முன்பு பலமுறை தரைதட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து கட்டமைப்பை நலிவடையச் செய்திருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை கூறியது. சிறு படகுகளின் கட்டுமானத்துக்கான ஐ.எஸ்.ஓ. 12215 தரநிலையின் ஒன்பதாம் பகுதி கீலுக்கென்றே எழுதப்பட்டது. 90 டிகிரிச் சாய்வையும் தரைதட்டலையும் தனித்தனிச் சுமைகளாக எடுத்துக் கணக்கிடச் சொல்கிறது. கற்பவர் வரைந்து பழகலாம். ஆனால் ஆள் ஏறப்போகும் படகின் கீல் வேரைத் தகுதியுள்ள பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுக் கையெழுத்திடாமல் கட்டக் கூடாது.

திரும்பவும் முதலிலிருந்து

கீலுக்கு எடை கூடினால் மொத்த நிறை கூடும், உடலின் கன அளவு கூட வேண்டும், அதனால் உடலின் பரப்பும் நிறையும் கூடும், பாயின் அளவு மாறும், பக்க விசை மாறும், கீல் மறுபடி மாறும். 1959-இல் கப்பல் வடிவமைப்புப் பேராசிரியர் ஹார்வி எவன்ஸ் இதை வடிவமைப்புச் சுருள் என்று படமாகவே வரைந்து காட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் மாற்றம் சிறுத்துக்கொண்டே போய் ஒரு புள்ளியில் அடங்க வேண்டும். கணினி இங்கேதான் தன் முழுப் பயனையும் தருகிறது. ஈய எடைகளையும் மரப்பட்டியையும் வைத்து ஒரு சுற்று முடிக்க நாள்கணக்கில் ஆகும். இன்றோ ஒரு மாலையில் பல சுற்றுகளைப் பார்த்துவிடலாம். கணினி நீரோட்டக் கணிப்பு மென்பொருள்களைத் தொடக்கத்திலேயே ஓட்ட வேண்டியதில்லை. சுருள் ஓரளவு அடங்கிய பிறகு, இரண்டு மூன்று வடிவங்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அவை போதும்.

வடிவம் முடிந்து வங்குகளை வெட்டக் கோப்பு அனுப்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் உள்ள பரப்பு படகின் வெளிப்புறம்; வங்கு நிற்பதோ பலகைக்கு உள்ளே. எனவே பலகையின் தடிப்பைக் கழிக்க வேண்டும், அதுவும் வங்கின் தளத்தில் அல்ல, பரப்புக்குச் செங்குத்தாக. நடுப்பகுதியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். அணியத்தின் அருகே பரப்பு நீள அச்சோடு 25 டிகிரி சாய்ந்திருந்தால், 12 மில்லிமீட்டர் பலகைக்கு வங்கின் தளத்தில் 13.2 மில்லிமீட்டர் கழிக்க வேண்டும். வெளிப் பரப்பை 12 மில்லிமீட்டர் உள்நோக்கி நகர்த்திய இரண்டாவது பரப்பு ஒன்றை உருவாக்கி அதில் வங்குகளை வெட்டினால் மென்பொருளே இதைச் சரியாகச் செய்துவிடும். வங்கின் ஓரத்தைச் சீவ வேண்டிய சாய்வுக் கோணத்தை மட்டும் ஒவ்வொரு வங்கிலும் சில இடங்களில் எழுதி அனுப்புங்கள். மூன்று அச்சில் மட்டும் நகரும் வெட்டு இயந்திரம் ஓரத்தை நேராகத்தான் வெட்டித் தரும், மீதியை ஓடாவி இழைப்புளியால் சீவிக்கொள்வார்.